வெட்டப்பட்ட லீ-என்ஃபீல்டை மீட்டெடுப்பது: லாங் பிராஞ்ச் நம்பர் 4 ரைஃபிளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கனடாவில் பழைய துப்பாக்கிகள் விற்கும் கடைகளில் இந்த உருவத்தை அடிக்கடி பார்க்கலாம். பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ-என்ஃபீல்டு ரைஃபிள்தான், ஆனால் முன்பக்க மரம் பாதியில் அறுக்கப்பட்டிருக்கும். பேரலுக்கு (குழலுக்கு) மேலே இருக்க வேண்டிய மரக் கைக்காப்பு இருக்காது. பின்கட்டையில் பளபளவென்று வார்னிஷ், அதன் நுனியில் ரப்பர் பட்டை. ராணுவ ரைஃபிளை வேட்டைக்கு ஏற்றபடி குறைத்துச் செதுக்கிய இந்த வடிவத்தைத்தான் ‘ஸ்போர்ட்டர்’ என்கிறார்கள்.

இதைச் செய்தவர்கள்மேல் கோபப்பட ஒன்றுமில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் உபரி ரைஃபிள்கள் மிக மலிவாக விற்பனைக்கு வந்தன. மூஸ், மான் வேட்டைக்குப் போகிறவருக்கு 4 கிலோவுக்கு மேல் எடையுள்ள ராணுவத் துப்பாக்கி சுமையாக இருந்தது. மரத்தை அறுத்தால் எடை குறையும் என்று அறுத்தார்கள். அன்று அது வெறும் கருவி. இன்று நிலைமை வேறு. முழு உருவில் இருக்கும் ரைஃபிள்கள் குறைந்துகொண்டே வருகின்றன. ஸ்போர்ட்டர் இன்னும் குறைந்த விலைக்குக் கிடைப்பதால் மீட்டெடுக்கும் ஆசை பலருக்கும் வருகிறது.

நான் இங்கே எடுத்துக்கொள்வது லாங் பிராஞ்ச் தொழிற்சாலையில் செய்த நம்பர் 4 மார்க் 1 ஸ்டார் என்ற லீ-என்ஃபீல்டு மாடல். டொராண்டோவுக்கு மேற்கே ஸ்மால் ஆர்ம்ஸ் லிமிடெட் என்ற அரசு நிறுவனம் 1940-ல் தொடங்கப்பட்டது. 1941-ல் முதல் ரைஃபிள்கள் வெளிவந்தன. ஏறத்தாழ 9 லட்சம் ரைஃபிள்கள் அங்கே தயாராயின. வேலை செய்தவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். அந்த வளாகத்தின் பரிசோதனைக் கட்டடம் இன்றும் மிசிசாகாவில் கலை அரங்காக நிற்கிறது. கனடாவின் வடபகுதியில் காவல் பணி செய்யும் கனேடியன் ரேஞ்சர்ஸ் படை 1947 முதல் சுமார் 70 ஆண்டுகள் இந்த ரைஃபிளைத்தான் சுமந்தது. இப்படி ஒரு வரலாறு உள்ள பொருளைத் தொடுகிறோம். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே விதியைப் பிடித்துக்கொண்டு போகிறேன்: இழந்ததைத் திரும்பக் கொடுக்கலாம், இருப்பதை அழிக்கக் கூடாது.

முதலில் சட்டம்

கனடாவில் இந்த ரைஃபிளை வைத்திருக்கத் துப்பாக்கி உரிமம் கட்டாயம். பிரிட்டனில் சான்றிதழ் வேண்டும். பேரல் மாற்றினால் லண்டன் அல்லது பர்மிங்ஹாம் ப்ரூஃப் ஹவுஸில் சோதித்து முத்திரை வாங்காமல் விற்க முடியாது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 1959 ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் மாற்றியமைக்கவும்கூடத் தனி உரிமம் தேவை. இந்த ரைஃபிள் சுடும் .303 தோட்டா அங்கே பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட அளவு. இஷாப்பூர் தொழிற்சாலை இதே லீ-என்ஃபீல்டு அமைப்பில் .315 ரைஃபிளைப் பொதுமக்களுக்காகச் செய்ததற்கு அதுதான் காரணம். ஆகவே இந்தியாவில் இது வீட்டில் செய்யும் வேலை அல்ல.

இதை மீட்கலாமா, விட்டுவிடலாமா?

பணம் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. விடை பெரும்பாலும் பேரலில் இருக்கிறது.

நம்பர் 4-ன் பேரல் நீளம் 25.2 அங்குலம். போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் உருளையை) மூடி, துப்புரவுக் கம்பியை வாய்ப்பக்கமாக உள்ளே விட்டு, போல்ட் முகத்தில் இடிக்கும்போது வாய் மட்டத்தில் அடையாளம் போட்டு அளந்து பாருங்கள். துப்பாக்கி காலியா என்று அதற்கு முன்பு கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட வேண்டும். அளவு குறைந்தால் பேரலை வெட்டியிருக்கிறார்கள். அடுத்து வாயைச் சுற்றிப் பாருங்கள். நம்பர் 4-ல் பயோனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) மாட்டும் காதுகள் பேரலிலேயே கடைந்தவை. வேட்டைக்காரர்கள் பலர் அவற்றை அரத்தால் ராவித் தள்ளிவிட்டார்கள். பேரல் வெட்டுப்பட்டிருந்தாலோ காதுகள் போயிருந்தாலோ வேறு பேரல் தேவைப்படும். பழைய பேரலைக் கழற்றிப் புதிதை இறுக்குவது தகுந்த கருவிகள் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கின் வேலை. பேரல் விலை, கூலி, மரத்தின் விலை மூன்றையும் கூட்டினால் முழு உருவில் இருக்கும் ஒரு ரைஃபிளின் விலையைத் தாண்டிவிடும். மரம் மட்டும் அறுபட்ட ரைஃபிளைத் தேடுங்கள் என்பதுதான் என் யோசனை.

ரிசீவரில், அதாவது பேரலும் போல்ட்டும் சேரும் எஃகு உடலில், ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாட்டத் துளை போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதற்குப் பொருந்தும் தலையில்லாத திருகுகளை வைத்து அடைத்துவிட்டு அப்படியே விடலாம். வெல்டு வைத்து அடைக்கக் கூடாது. ரிசீவர் சூடுபடுத்திப் பக்குவம் செய்த எஃகு. வெல்டிங் சூடு அந்தப் பக்குவத்தைக் கெடுத்துவிடும். முகத்துக்குப் பக்கத்தில் வெடிக்கும் அழுத்தத்தைத் தாங்க வேண்டிய இடம் அது.

ஆனால் எல்லாத் துளையும் வேட்டைக்காரர் போட்டது இல்லை. ரிசீவரின் இடப்பக்கச் சுவரில் துளைகளோ சிறு எஃகுத் தட்டுகளோ இருந்து, ‘டி’ (T) எழுத்து முத்திரையும் தென்பட்டால் கையை எடுத்துவிடுங்கள். அது ஸ்னைப்பர் ரைஃபிளாக இருக்கக்கூடும். லாங் பிராஞ்ச் அவற்றைக் குறைந்த எண்ணிக்கையில்தான் செய்தது. விவரம் தெரிந்தவரிடம் காட்டாமல் ஒரு திருகைக்கூடத் தொட வேண்டாம்.

பர்மிங்ஹாமின் பார்க்கர்-ஹேல், பி.எஸ்.ஏ. போன்ற நிறுவனங்களே தொழிற்சாலையில் வைத்து மாற்றி விற்ற ஸ்போர்ட்டர்களும் உண்டு. அவற்றுக்கு இன்று தனி வரலாறு வந்துவிட்டது. அவற்றை அப்படியே விட வேண்டும் என்றே நினைக்கிறேன். ஒருவருடைய தாத்தா ஆயுள் முழுக்க வேட்டையாடிய துப்பாக்கி என்றால் அதற்கும் அதே மரியாதை.

கடைசியாக, ‘டி.பி.’ (DP) என்ற முத்திரை. பயிற்சி அணிவகுப்புக்கு மட்டும் என்று ஒதுக்கிய ரைஃபிள் என்று பொருள். சுடத் தகுதியற்றது என்று ராணுவமே தள்ளியது. அலங்காரத்துக்கு மீட்கலாம், சுடக் கூடாது.

எந்த ஆண்டு, எந்தப் பாகம்

ரிசீவரின் இடப்பக்கத்தில் மாடல் பெயர், ‘லாங் பிராஞ்ச்’, ஆண்டு மூன்றும் பொறித்திருக்கும். பின்கட்டை சேரும் இரும்புக் குதையின் இடப்பக்கத்தில் வரிசை எண். லாங் பிராஞ்ச் எண்களில் முதலில் ஓரிரு இலக்கம், பிறகு ‘எல்’ எழுத்து, அப்புறம் நான்கு இலக்கங்கள் வரும். போல்ட் கைப்பிடியின் பின்புறத்தில் அதே எண் இருந்தால் அந்த போல்ட் பிறந்ததிலிருந்து இந்த ரைஃபிளோடு இருக்கிறது. உங்களுக்கு அதிர்ஷ்டம்.

பிறகு பட்டியல் போடுங்கள். வழக்கமாகத் தொலைந்திருப்பவை இவை: முன்கட்டை, முன் கைக்காப்பு, பின் கைக்காப்பு, முன் பட்டை, வார் மாட்டும் வளையத்தோடு வரும் நடுப்பட்டை, பின் கைக்காப்பைப் பிடிக்கும் வளையம், முன் குறிக்காப்பு, பின் குறி (குறி என்பது இலக்கைக் குறிபார்க்கும் பாகம்), இவற்றின் திருகுகள் எல்லாம். ரப்பர் பட்டைக்காகப் பின்கட்டையை அறுத்திருந்தால் அதுவும் சேரும். சின்னத் திருகுகளை அலட்சியப்படுத்தாதீர்கள். என்ஃபீல்டு திருகுகளின் மரை இன்றைய மெட்ரிக் மரை இல்லை. கடையில் கிடைக்கும் திருகை வலுக்கட்டாயமாகச் செலுத்தினால் பட்டையின் மரை நாசமாகும்.

பாகங்களின் மேல் தயாரிப்பாளர் முத்திரை இருக்கும். லாங் பிராஞ்ச் பாகத்தில் ‘எல்.பி.’, அமெரிக்காவின் சாவேஜ் செய்ததில் ‘எஸ்’, இங்கிலாந்தின் பி.எஸ்.ஏ. ஷெர்லி ஆலைப் பாகத்தில் ‘எம் 47’. கனடா அரசின் உடைமை என்பதற்கு ‘சி’ எழுத்துக்குள் அம்புக்குறி. நம்பர் 4-ன் பாகங்கள் பொதுவாக ஒன்றுக்கொன்று மாறும், ஆகவே சாவேஜ் பட்டையை மாட்டினால் வேலை நடக்கும். ஆனால் லாங் பிராஞ்ச் ரைஃபிளுக்கு ‘எல்.பி.’ பாகமே தேடுவது நியாயம். பொறுமை இருந்தால் கிடைக்கும். அதற்காக, ராணுவப் பட்டறையில் ஒருகாலத்தில் மாட்டிய வேறு தயாரிப்புப் பாகத்தைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. பணியில் இருந்த ரைஃபிள்களில் கலப்பு சகஜம்.

ஆண்டுக்கு ஏற்ற பின் குறியும் முக்கியம். போர்க்கால அவசரத்தில் 300, 600 கெஜத்துக்கு இரு துளைகள் கொண்ட மடக்குக் குறி வைத்தார்கள். நுணுக்கமாக நகர்த்தும் ஏணிக் குறிகளும் உண்டு. உங்கள் ரைஃபிளின் ஆண்டைச் சேர்ந்த, மாற்றம் செய்யாத ரைஃபிள்களின் படங்களைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கழற்றும் முறை

மேகசின் (தோட்டாப் பெட்டி) முதலில். அடுத்தது போல்ட்: பின் குறியை நிமிர்த்தி, போல்ட்டை மெல்லப் பின்னுக்கு இழுத்தால் அதன் தலை ரிசீவர் தண்டவாளத்தில் வெட்டியிருக்கும் பள்ளத்துக்கு நேராக வரும். அந்த இடத்தில் தலையை மேலே திருப்பினால் போல்ட் வெளியே வந்துவிடும். மார்க் 1 ஸ்டாருக்கே உரிய ஏற்பாடு இது, அதன் பலவீனமும் இதுதான். பள்ளத்தின் ஓரம் தேய்ந்தோ சில்லு பெயர்ந்தோ இருந்தால் போல்ட்டை வேகமாக இழுக்கும்போது தலை தானாகத் துள்ளி வெளியேறும். டார்ச் அடித்துப் பாருங்கள். பெரிய சில்லு போயிருந்தால் அந்த ரைஃபிளை வாங்காதீர்கள்.

ட்ரிகர் காப்பைப் பிடித்திருக்கும் முன் திருகும் பின் திருகும் அடுத்து வரும். திருப்புளியின் முனை, திருகின் பள்ளத்தை முழுக்க நிரப்பும் அகலத்தில் இருக்க வேண்டும். எழுபது எண்பது ஆண்டுத் துருவும் எண்ணெயும் சேர்ந்து இறுகியிருந்தால் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு இரவு விடுங்கள். காப்பு வந்ததும் முன்கட்டையை இரண்டு பக்கமும் பிடித்துச் சமமாகக் கீழே இழுங்கள். முன் நுனியைப் பிடித்து நெம்பினால் பின்னால் இருக்கும் மெல்லிய மூலைகள் பெயர்ந்துவிடும். அறுபட்ட கட்டைதானே என்று நினைக்க வேண்டாம். அந்தப் பின்பகுதி உங்களுக்குத் தேவைப்படும்.

பின்கட்டையைக் கழற்ற நீளமான தட்டை முனைத் திருப்புளி வேண்டும். கட்டைக்குள், அதைக் குதையோடு பிணைக்கும் போல்ட்டின் தலைக்கு முன்னால் தோல் அடைப்பு இருக்கும். அதைக் கொக்கிக் கம்பியால் முதலில் எடுங்கள். எடுக்காமல் திருகினால் திருப்புளி வழுக்கி, கட்டையை உள்ளிருந்து பிளக்கும். உங்களிடம் இருப்பது பழைய நம்பர் 1 மார்க் 3 ரைஃபிள் என்றால் இன்னொரு எச்சரிக்கை: முன்கட்டையைக் கழற்றாமல் பின்கட்டை போல்ட்டைத் திருப்பவே கூடாது. அதன் சதுர முனை முன்கட்டைக்குள் இருக்கும் தகட்டில் பொருந்தியிருக்கும். திருப்பினால் முன்கட்டை பிளந்துவிடும்.

ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

உலோகம் சரியா என்று பார்ப்பது

மரத்தில் இறங்கும் முன் இது முடிய வேண்டும். முக்கியமானது ஹெட்ஸ்பேஸ், அதாவது மூடிய போல்ட் முகத்துக்கும் தோட்டாவின் விளிம்பு உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி. 0.064 அங்குல அளவுகோலை வைத்தால் போல்ட் மூட வேண்டும், 0.074 அங்குலத்தில் மூடக் கூடாது. விரல் நுனியால் மென்மையாக அழுத்திப் பாருங்கள், பலம் காட்டக் கூடாது. 0.074-ல் மூடினால் வேறு போல்ட் தலை மாற்றிப் பார்க்கலாம். நம்பர் 4-க்கு 0 முதல் 3 வரை எண்ணிட்ட தலைகள் உண்டு. எண் ஏற ஏற நீளம் சற்றுக் கூடும். எண்ணை மட்டும் நம்பாமல் மைக்ரோமீட்டரில் அளப்பது நல்லது. தலை நேராக இறுகி நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி 20 பாகைக்கு மேல் சுழன்றால் அதுவும் ஆகாது.

பேரலுக்குள் குண்டைச் சுழற்றும் சுருள் வரிகள் இரண்டு மட்டும் தெரிந்தால் பயப்பட வேண்டாம். போர்க்காலத்தில் இரண்டு வரிப் பேரல்கள் ஏராளமாகச் செய்தார்கள், அவை நன்றாகவே சுடும்.

இதில் எதிலாவது சந்தேகம் இருந்தால் மெக்கானிக்கிடம் கொடுத்து எழுத்தில் வாங்குங்கள். மரத்தில் தவறினால் இன்னொரு மரம் வாங்கலாம்.

மரம்: இரண்டு வழிகள்

ஒரு வழி, முழு முன்கட்டையே வேறு வாங்குவது. பயன்படுத்தாமல் கிடங்கில் கிடந்த பழைய கட்டை கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. இப்போது புதிதாகச் செய்து விற்கும் கட்டைகளும் இருக்கின்றன. அவற்றின் உட்குடைவு பெரும்பாலும் கரடுமுரடாக இருக்கும், வேலை அதிகம்.

இன்னொரு வழி ஒட்டுப் போடுவது. எனக்குப் பிடித்தது இதுதான். உங்கள் ரைஃபிளோடு பிறந்த முன்கட்டையின் பின்பாதி கையில் இருக்கிறது. ரிசீவரோடு மிக நெருங்கிப் பொருந்த வேண்டிய கடினமான பகுதி அதுதான், தொழிற்சாலைக்காரர் ஏற்கெனவே அதைப் பொருத்தி வைத்திருக்கிறார். பின்பக்கம் உடைந்துபோன வேறொரு கட்டையின் முன்பாதியை வாங்கி இதனோடு சேர்த்தால், ரைஃபிளின் சொந்த மரம் பாதியாவது தங்கும். சுடும்போது வரும் உதை பின்பகுதியில்தான் விழுகிறது. ஆகவே ஒட்டின்மேல் பெரிய சுமை இல்லை.

ஒட்டு நடுப்பட்டைக்கு அடியில் வர வேண்டும். வேட்டைக்காரர் அந்த இடத்துக்கு முன்னால் அறுத்திருந்தால் தப்பித்தீர்கள். பின்னால் அறுத்திருந்தால் ஒட்டு வெளியே தெரியும். அப்போது முழுக்கட்டை வாங்குவதே சரி. இரு துண்டுகளையும் பட்டையின் மையக்கோட்டில் நேர்ச்சதுரமாக அறுத்து, கண்ணாடி மேல் ஒட்டிய உப்புத்தாளில் தேய்த்து வெளிச்சம் தெரியாதபடி சேருங்கள். அடிப்பகுதியின் தடித்த மரத்தில் இரண்டு மெல்லிய பித்தளைக் கம்பிகளைக் குச்சி போலச் செருகினால் பலம் கூடும்.

ஒட்டும்போது நேராக நிற்க வைக்க ரைஃபிளே அச்சு. பேரலுக்கு நன்றாக மெழுகு தடவி, அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, பின்பாதியை ரிசீவரில் திருகி உட்கார வையுங்கள். எப்பாக்சி தடவி முன்பாதியைச் சேர்த்து, பேரல் பள்ளத்தின் நடுவில் ஓடுகிறதா என்று பார்த்துக் கட்டுங்கள். பழைய மரம் எண்ணெய் குடித்திருக்கும். ஒட்டும் முகங்களை அசிட்டோனால் பல தடவை துடைத்து, துணியில் பழுப்பு ஏறாமல் வந்த பிறகே ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் சில மாதத்தில் விட்டுவிடும். காய ஒரு முழு நாள் கொடுங்கள்.

பொருத்துவதில்தான் எல்லாம் இருக்கிறது

முன்கட்டை அழகாக இருப்பது வேறு, சரியாக உட்காருவது வேறு. பல மீட்புகள் தோற்பது இந்த இடத்தில். கட்டையை மாட்டித் திருகை இறுக்கியதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். சில தோட்டாக்களிலேயே மரம் பிளக்கிறது, அல்லது குண்டு கண்ட இடத்துக்குப் போகிறது.

கட்டையின் பின்கோடியில் உள்ளே, இரு பக்கமும் சாய்வான இரண்டு முகங்கள் இருக்கும். ரைஃபிள் உதைக்கும்போது ரிசீவர் இவற்றில்தான் இடிக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே அளவு தாங்க வேண்டும். ஒன்று மட்டும் தாங்கினால் அந்தப் பக்கம் பிளவு விழும். ரிசீவரின் அந்தச் சாய்வுகளில் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து மெல்லப் பூசி, கட்டையை அழுத்தி உட்கார வைத்து, எடுத்துப் பாருங்கள். மரத்தில் இரண்டு பக்கமும் கரி சமமாகப் பதிந்திருக்க வேண்டும். பதிந்த இடத்தை மட்டும் கூரான உளியால் சுரண்டி, மறுபடி பூசி, மறுபடி பாருங்கள். இதை எத்தனை தடவை செய்ய வேண்டும் என்று கணக்குப் பார்க்காதீர்கள்.

பழைய கட்டைகளில் இந்த முகங்கள் எண்ணெயில் ஊறி நசுங்கியிருக்கும். அப்போது சுரண்டிப் பயனில்லை. நசுங்கிய மரத்தைச் சதுரமாக வெட்டி எடுத்துவிட்டு, மேப்பிள் போன்ற கடின மரத் துண்டுகளை, நார்முனை ரிசீவரைப் பார்க்கும்படி எப்பாக்சியில் பதியுங்கள். அவற்றைக் கொஞ்சம் தடிமனாக விட்டு, கரிப் பூச்சு முறையிலேயே குறைத்துக்கொண்டு வாருங்கள். சரியாக வந்ததற்கு அடையாளம்: கட்டை உட்காரக் கை பலமாக அழுத்த வேண்டும், ரைஃபிளைத் தூக்கினால் திருகு இல்லாமலே கட்டை விழாது.

அதே சமயம், கட்டையின் பின் விளிம்புக்கும் இரும்புக் குதைக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். இங்கே மரம் இடித்தால் உதை மெல்லிய ஓரங்களில் இறங்கி, மேலிருந்து பிளக்கும்.

அடுத்து ட்ரிகர் காப்பின் முன் திருகு. அதைச் சுற்றி ஒரு குட்டையான இரும்புக் குழாய் வளையம் மரத்துக்குள் இருக்கும். அளவு மீறி இறுக்கி மரத்தை நசுக்கிவிடாமல் தடுப்பது அது. மரம் அந்த வளையத்தைவிடத் துளி உயரமாக இருந்து, திருகும்போது முதலில் மரம் அழுந்தி, அப்புறம் வளையம் இரும்பைத் தொட வேண்டும். மரம் சுருங்கி வளையம் முதலில் தொட்டுவிட்டால் திருகு இறுகியது போலத் தோன்றும், கட்டை உள்ளே ஆடிக்கொண்டிருக்கும். வளையத்தை அரத்தால் குறைப்பவர்கள் உண்டு. நான் அதைச் செய்ய மாட்டேன். காப்புக்கு அடியில் மெல்லிய மரச் சீவல் ஒட்டி உயர்த்துவதே நல்லது. ஏனென்றால் மார்க் 1, மார்க் 1 ஸ்டார் இரண்டிலும் ட்ரிகர் தொங்குவது காப்பில். வளையத்தின் உயரம் மாறினால் ட்ரிகரும் மாறிவிடும். 1949-ல் வந்த மார்க் 2-ல்தான் ட்ரிகரை ரிசீவரிலேயே தொங்கவிட்டார்கள்.

எனவே திருகு இறுகியதும் ட்ரிகரைச் சோதியுங்கள். இரண்டு கட்டமாக இழுபட வேண்டும்: முதல் இழுப்பு 3 முதல் 4 பவுண்ட், இரண்டாவது 5 முதல் 6.5 பவுண்ட். இரண்டாம் கட்டம் காணாமல் போயிருந்தால் கோளாறு மரத்தின் உயரத்தில் இருக்கிறது. ட்ரிகரின் மேடுகளில் அரம் வைக்காதீர்கள்.

பேரல் விஷயம் இனி. ரிசீவருக்கு முன்னால் பேரலின் தடித்த பகுதி மரத்தில் உட்கார வேண்டும், பிறகு கட்டை நெடுகப் பேரல் எதையும் தொடாமல் போக வேண்டும், கடைசியில் முன் நுனியில் மறுபடி உட்கார வேண்டும். அந்த நுனியில் மரம் பேரலை 2 முதல் 7 பவுண்ட் விசையோடு மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். சுடும்போது அதிரும் பேரலை ஒவ்வொரு தடவையும் ஒரே நிலைக்குக் கொண்டுவருவது இந்த விசைதான். அளப்பது எளிது: பட்டைகளும் கைக்காப்பும் இல்லாமல், நுனியில் பேரலுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டைச் செருகி, சுருள்வில் தராசின் கொக்கியைப் பேரலில் மாட்டி மேலே இழுங்கள். காகிதம் விடுபடும்போது தராசு காட்டுவதுதான் அளவு. குறைந்தால் நுனியில் மெல்லிய சீவல் ஒட்டுங்கள், அதிகமானால் சுரண்டுங்கள்.

கைக்காப்புகளையும் பட்டைகளையும் மாட்டிய பிறகு இந்தச் சமநிலை கெடக் கூடாது. கைக்காப்பின் உட்பக்கம் பேரலை எங்கே தொடுகிறது என்று அதே கரியால் பாருங்கள். மேகசின் மரத்தில் உரசாமல் தானாக ஏறி இறங்குகிறதா, மருந்தில்லாத போலித் தோட்டாக்கள் சரியாக உள்ளே போகின்றனவா என்பதையும் இப்போதே பார்த்துவிடலாம்.

பின்கட்டையும் பூச்சும்

வார்னிஷைச் சுரண்டியோ உப்புத்தாள் போட்டோ எடுக்காதீர்கள். முத்திரைகள் அதோடு போய்விடும். வார்னிஷ் நீக்கும் திரவம் போதும். பள்ளங்களின்மேல் ஈரத்துணி வைத்து இஸ்திரிப் பெட்டியின் நுனியால் தொட்டால் நீராவி மரத்தை உப்ப வைக்கும். எல்லாப் பள்ளத்தையும் எடுக்க வேண்டும் என்பதில்லை. பணியில் விழுந்த தழும்புகளை நான் விட்டுவிடுவேன்.

புதுப் பின்கட்டை வாங்குவதானால் நீளத்தைக் கவனியுங்கள். பாண்டம், குட்டை, சாதாரணம், நீளம் என்று நான்கு அளவுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் அரை அங்குலம் வித்தியாசம். கனடாவின் குளிர்கால உடுப்போடு சுடுகிறவருக்குக் குட்டை அளவே வசதியாக இருக்கும்.

எண்ணெய் என்றால் ஆளிவிதை எண்ணெய், காய்ச்சாதது. ராணுவம் அதைத்தான் பயன்படுத்தியது. மிக மெல்லிசாகத் தடவி, கையால் தேய்த்துச் சூடேற்றி, மிச்சத்தைத் துடைத்து, காயவிட்டு, திரும்பவும் தடவுங்கள். காய்ச்சாத எண்ணெய் உலர நாளாகும், அவசரம் வேண்டாம். மரங்களின் நிறம் வேறுபட்டால் எண்ணெய்க்கு முன் சாயம் கொடுங்கள். எண்ணெய்த் துணிகளை ஒருபோதும் சுருட்டிப் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் உலரும்போது சூடு பிறக்கும். குவியலாகக் கிடக்கும் துணி தானே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் நிரப்பிய டப்பாவில் போட்டு மூடுங்கள்.

உலோகத்துக்கு அதிகம் செய்ய வேண்டாம். ராணுவப் பூச்சு மங்கலானது, கண்ணாடி போலப் பளபளக்காது. துருவை எண்ணெயும் மெல்லிய செப்பு இழைக் கம்பளியும் கொண்டு எடுத்து, அரத்தடம் பட்ட இடங்களில் மட்டும் குளிர்க் கருமை திரவம் தடவினால் போதும். முழு ரைஃபிளையும் மெருகேற்றி நீலம் பூசினால் முத்திரைகள் மழுங்கும். அது இரண்டாம் தடவை கெடுப்பது.

மாட்டிய பாகங்களில் உங்கள் ரைஃபிளின் எண்ணைப் பொறிக்காதீர்கள். மீட்டெடுத்த ரைஃபிளை அப்படியே சொல்லி விற்கலாம், கொடுக்கலாம். எண் பொறித்தால் அது போலி. எந்தப் பாகம் பழையது, எது மாற்றியது, ஒட்டு எங்கே என்று ஒரு தாளில் எழுதி, பின்கட்டையின் தகட்டு மூடிக்குப் பின்னால், எண்ணெய்க் குப்பி வைக்கும் குழியில் போட்டு வையுங்கள்.

சுடுவதும் அதற்குப் பிறகும்

முதல் முறை சுடுவதற்குப் புதிய தொழிற்சாலைத் தோட்டா மட்டும், கண் காப்போடு, அங்கீகரித்த சுடுதளத்தில். ஒவ்வொரு வெற்றுக் கூட்டையும் எடுத்துப் பாருங்கள். அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளிச்சென்று ஒரு வளையக்கோடு தெரிந்தால் கூடு அங்கே அறுபடப்போகிறது. நிறுத்திவிட்டு ஹெட்ஸ்பேஸை மறுபடி சோதியுங்கள். பழைய ராணுவத் தோட்டாக்களின் அடியில் உள்ள தீமூட்டி மருந்து, துருப்பிடிக்க வைக்கும் உப்பை விட்டுச் செல்லும். சுட்டால் அன்றே பேரலைக் கொதிநீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் விட வேண்டும்.

குண்டு உயரமாகவோ தாழ்வாகவோ போனால் முன் குறித் தகட்டை மாற்ற வேண்டும். அவை 0.015 அங்குல உயர வித்தியாசத்தில் கிடைக்கும். ஒரு படி மாற்றினால் 100 கெஜத்தில் குண்டு விழும் இடம் ஏறத்தாழ 2 அங்குலம் நகரும். முன் குறியை உயர்த்தினால் குண்டு தாழும், தாழ்த்தினால் ஏறும்.

புதிதாகப் பொருத்திய மரம் முதல் ஆண்டில் அடங்கும். டொராண்டோ வீடுகளில் குளிர்காலம் முழுக்க ஹீட்டர் ஓடி மரத்தைக் காயவைப்பதால் மார்ச் வாக்கில் முன் திருகு தளர்ந்திருக்கும். அப்போது இறுக்கி, ட்ரிகரின் இரண்டு கட்டங்களையும் நுனி விசையையும் மறுபடி அளந்து பாருங்கள். கோடையின் ஈரத்தில் மரம் திரும்ப உப்பும். ஆகஸ்டில் இன்னொரு தடவை. ஒரு முழுச் சுற்றுக்குப் பிறகும் அளவுகள் மாறாமல் இருந்தால் அதன்பின் முன்கட்டையைக் கழற்றாதீர்கள். கழற்றி மாட்டும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சாய்வு முகங்கள் கொஞ்சம் தேயும்.